கள்ளிக் காட்டுக்கு நடுவே பதினெட்டு ஹோல்

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன், வயது 63. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் கோல்ஃப் பழகினேன். ஹேண்டிகேப் (திறனுக்கேற்பக் கிடைக்கும் கூடுதல் அடிச் சலுகை) 26. டிரைவரில் (அதிகத் தூரத்துக்கான மட்டை) அடித்தால் உருண்டு நிற்பதையும் சேர்த்து 190 கெஜம் போகும். நவம்பரில் அமெரிக்காவில் அரிசோனாவுக்கு, சாண்ட்லரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். ஸ்காட்ஸ்டேலில் உள்ள டிபிசி ஸ்டேடியம் மைதானத்தில் ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு ஆட இடம் பதிவு செய்திருக்கிறான். பாலைவன மைதானத்தில் நான் ஆடியதே இல்லை. கள்ளிக்குள் பந்து போனால் என்ன செய்வது? ஒவ்வொரு ஹோலையும் எப்படி ஆடுவது? இங்கிருந்தே தயாராக வழி உண்டா?

பதில்: பாலைவன மைதானத்தில் பந்து கள்ளிக்குள் போவது பெரிய நஷ்டமில்லை. போன பந்தை அங்கிருந்தே அடித்து மீட்டுவிடலாம் என்று இறங்குகிறோமே, அதில்தான் ஸ்கோர் கெடுகிறது. பந்து போனதற்கு விலை ஓர் அடி. அந்த வீம்புக்கு விலை மூன்று நான்கு அடி, சில நேரம் மணிக்கட்டும் சேர்ந்து போகும். கீழே நான் சொல்லும் யோசனைகள் எல்லாமே இதை ஒட்டியவைதான்.

முதலில் தரையைப் பார்ப்போம். அரிசோனாவில் தண்ணீருக்குக் கட்டுப்பாடு கடுமை. 1980-ல் வந்த நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தின் தொடர்ச்சியாக, புதிய கோல்ஃப் மைதானங்கள் எவ்வளவு பரப்பில் புல் வளர்க்கலாம் என்பதற்கே வரம்பு வந்தது. அதனால் முதல் அடி அடிக்கும் டீயில் ஒரு துண்டுப் புல், பந்து விழ வேண்டிய இடத்தில் ஃபேர்வே என்னும் ஒரு பட்டை, குழியும் கொடியும் இருக்கும் கிரீனைச் சுற்றிக் கொஞ்சம் என்றுதான் அந்தப் பக்கத்து மைதானங்கள் அமைந்திருக்கும். மற்றதெல்லாம் இயற்கையாக விடப்பட்ட தரிசு. நீங்கள் ஆடப்போகும் மைதானத்தை டாம் வைஸ்காஃப், ஜே மோரிஷ் இருவரும் வடிவமைத்தார்கள், 1986-ல் திறந்தது. காசு கட்டினால் யாரும் ஆடலாம். ஃபேர்வேக்கள் பயந்த அளவுக்குக் குறுகல் இல்லை. புல்லை விட்டுப் பந்து வெளியே போன பிறகுதான் சங்கடம்.

அந்தத் தரிசும் உங்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்காது. வேலூர் மலையடிவாரங்களில் இருப்பது போன்ற சரளையும் பாறையும் முள்ளும்தான் அங்கேயும். நம் ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதே இனத்து மெஸ்கீட் மரங்களை அங்கே சொந்த மண்ணில் பார்ப்பீர்கள். ஃபேர்வேயில் கோடைக்கு இருப்பது பெர்முடா, நம் அருகம்புல் வம்சம். குளிரில் அது பழுத்துவிடும் என்பதால் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ரை புல் விதையை மேலே தூவி வளர்ப்பார்கள். நவம்பரில் நீங்கள் மிதிக்கப்போவது நிறையத் தண்ணீர் விட்டு வளர்த்த இளம்புல். பந்து அதில் விழுந்த பிறகு அதிகம் உருளாது. உங்கள் 190-ல் பத்துப் பதினைந்து கெஜத்தைக் கழித்தே கணக்குப் போடுங்கள். இளம்புல் மிதிபடாமல் இருக்க வண்டியைப் பாதையிலேயே நிறுத்தச் சொல்வதும் அந்தப் பருவத்தில் வழக்கம். அப்படியானால் பந்தை நோக்கி நடக்கும்போதே மூன்று மட்டைகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துப் போய், அது பொருந்தாமல், திரும்ப நடக்கச் சோம்பிப் பொருந்தாத மட்டையாலேயே அடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

வறண்ட காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூரத்தைக் கூட்டுவது வெப்பமும் உயரமும்தான். ஸ்காட்ஸ்டேலின் அந்தப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி. நம்மூரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நவம்பர் மாலைக் குளிர் அந்த லாபத்தையும் தின்றுவிடும்.

இனி கள்ளிக்குள் போன பந்து. அந்தத் தரிசு மணலாகத் தெரிந்தாலும் அது பங்க்கர் இல்லை. மைதானத்தார் வெட்டி மணல் நிரப்பியதுதான் பங்க்கர். ஆகவே தரிசில் மட்டையைத் தரையில் வைக்கலாம், பந்தைச் சுற்றியுள்ள உதிரிக் கற்களை எடுத்துப் போடலாம், அப்படி எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஓர் அடி தண்டனை. வேரோடு நிற்கும் செடியை ஒடிக்கவோ வளைத்துக் கட்டவோ கூடாது. கள்ளி குத்துமே என்று உடம்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கலாம்; துண்டைக் கள்ளியின் மேல் போர்த்தக் கூடாது. விஷப்பாம்போ குளவிக்கூடோ பந்தருகே இருந்தால் தண்டனையின்றி விலகிப் பந்தைப் போட்டுக்கொள்ளலாம். கள்ளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

முள்ளுக்குள் மாட்டிய பந்தை ஆட முடியாது என்று அறிவித்தால் ஓர் அடி தண்டனையோடு மூன்று வழிகள். முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். கொடியையும் பந்தையும் இணைக்கும் நேர்கோட்டில் பின்னால் போகலாம். அல்லது பந்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், கொடிக்குக் கிட்டே போகாமல் போட்டுக்கொள்ளலாம். காகிதத்தில் மூன்றாவது வழி சுலபமாகத் தெரியும். அங்கே இரண்டு மட்டை தள்ளியும் இன்னொரு கள்ளிதான் நிற்கும். பின்னால் போனால் இன்னும் காடு. பல சமயம் திரும்பிப் போய் அடிப்பதே மலிவு. தரிசைச் சிவப்புக் குச்சி நட்டுத் தண்டனைப் பகுதியாகக் குறித்திருந்தால் கதை மாறும்: பந்து எல்லையைக் கடந்த இடத்தைக் கணித்து, ஓர் அடியோடு பக்கத்துப் புல்லிலேயே போட்டுக்கொள்ளலாம். ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தை முதல் டீயிலேயே படித்துவிடுங்கள். தேடுவதற்கு நேரம் மூன்று நிமிடம்தான். சந்தேகம் இருந்தால் டீயை விட்டு நகருமுன் மாற்றுப் பந்து ஒன்றை அடித்து வையுங்கள். அப்பாவும் பிள்ளையும் ஆடும் ஆட்டம்தானே, தொலைந்த பந்துக்கு இரண்டு அடி சேர்த்து ஃபேர்வே ஓரத்தில் போட்டுக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர் விதியாக அதற்கு இடம் உண்டு.

புதருக்குள் கையை விடாதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்பு உள்ள நாடு அது. குளிர் தொடங்கினாலும் வெயில் ஏறிய மதியத்தில் வெளியே வரும். சோயா (cholla) என்றொரு கள்ளி உண்டு. அதன் துண்டு லேசாக உரசினாலே கழன்று வந்து தோலில் ஏறிக்கொள்ளும். விரலால் பிடுங்கப் போனால் விரலிலும் ஏறும். பல் அகலமான ஒரு சீப்பைப் பையில் போட்டு, அதை அடியில் கொடுத்து நெம்பித் தள்ளுங்கள். கைகளைத் தூக்கி நிற்கும் உயரமான சவாரோ கள்ளிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பட்டை உரியும்படி மட்டையை வீசிவிடக் கூடாது.

டீ விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பின் டீயிலிருந்து, அதாவது மிகத் தொலைவான தொடக்க இடத்திலிருந்து, இந்த மைதானம் 7,261 கெஜம், பார் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடி என்ற கணக்கு) 71. அது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு. கார்டில் மொத்தத் தொலைவு 5,500 கெஜத்தை ஒட்டி எந்த டீ இருக்கிறதோ அதைக் கேளுங்கள். மகன் பின்னாலிருந்து ஆடட்டும். கீழே நான் தரும் எண்கள் பின் டீக்கானவை. ஹோலின் சுபாவம் தெரிவதற்காகத் தருகிறேன். ஹேண்டிகேப் 26 என்றால் எல்லா ஹோலிலும் ஓர் அடி, கடினமான எட்டு ஹோல்களில் இன்னோர் அடி உங்களுக்குக் கையிருப்பு. அந்தக் கையிருப்பை எங்கே செலவழிப்பது என்பதுதான் உங்கள் ஆட்டம்.

முதல் ஹோல் 403 கெஜம், பார் 4. உடம்பு சூடாகாத நேரம். டிரைவர் வேண்டாம், அதைவிடக் கைக்கு அடங்கும் ஹைப்ரிட் மட்டை போதும். இரண்டும் அப்படியே. மூன்று பார் 5, 558 கெஜம். உங்களுக்கு நான்காவது அடியில் கிரீன், அதில் வெட்கம் இல்லை. நான்கும் ஏழும் பார் 3. ஏழு பின் டீயில் 215 கெஜம், முன் டீயிலும் நீளமாகவே தோன்றும்; கொடியை மறந்து கிரீனின் முன்வாசலுக்கு அடித்து அங்கிருந்து சிப் (தாழ்வான குறுந்தூர அடி) செய்யுங்கள். ஐந்து (470), எட்டு (475) இரண்டையும் பார் 5 என்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு, ஒன்பது, பத்து மூன்றிலும் வேறு சூட்சுமம் எதுவும் வேண்டாம், புல்லில் நில்லுங்கள்.

பதினொன்றில் மைதானம் குணம் மாறுகிறது. 472 கெஜம், இடப்பக்கம் நெடுகத் தண்ணீர். தண்ணீருக்குப் பயந்து வலப்பக்கம் தள்ளினால் அங்கே தரிசு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமானால் புல்லோரத் தரிசு மேல், பந்தாவது கிடைக்கும். ஆனால் எந்தப் பக்கத்தையும் எட்டாத மட்டையை எடுப்பதே என் யோசனை. 150 கெஜம் நேராகப் போகும் மட்டை உங்களிடம் இருந்தால் இந்த ஹோலில் அதைத்தான் மூன்று முறை அடிப்பீர்கள். பன்னிரண்டு பார் 3, தண்ணீர் உண்டு. தண்ணீருக்கு எதிர்ப்பக்கக் கிரீன் விளிம்பைக் குறிவையுங்கள்.

பதின்மூன்று பார் 5, 558 கெஜம். ஃபேர்வே இரண்டாகப் பிரிந்து நடுவே தரிசு. மற்ற ஹோல்களில் நடுவைப் பார்த்து அடி என்போம், இங்கே நடுதான் பொறி. உங்கள் பந்து வழக்கமாக எந்தப் பக்கம் வளையுமோ அதை வைத்து ஒரு பட்டையை டீயிலேயே முடிவு செய்து, இன்னொன்று இருப்பதையே மறந்துவிடுங்கள். 1999-ல் இங்கே நடந்த ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டியில் டைகர் வுட்ஸின் பந்து இந்த ஹோலில்தான் ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்றது. ஏறக்குறைய 450 கிலோ எடை. மண்ணில் உறுதியாகப் புதையாததால் அதுவும் உதிரிக் கல்தான் என்று நடுவர் சொல்ல, பார்வையாளர்கள் சேர்ந்து புரட்டித் தள்ளினார்கள். அவர் பேர்டி (பாருக்கு ஓர் அடி குறைவு) அடித்தார். விதி உங்களுக்கும் அதேதான், பாறையைப் புரட்டும் கூட்டம்தான் உங்களோடு வராது.

பதினான்கு 490 கெஜம், மேடேறும் பார் 4; இதுவும் உங்களுக்குப் பார் 5. பதினைந்து நிஜமான பார் 5, கிரீனைச் சுற்றித் தண்ணீர். இங்கே கடைசி அடிக்கு எவ்வளவு தூரம் மிச்சம் வைக்கிறீர்கள் என்பதே முக்கியம். குறுந்தூரத்துக்கான வெட்ஜ் மட்டையில் உங்களுக்கு நம்பிக்கையான தூரம் 80 கெஜம் என்றால், 80 மிஞ்சும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்டு நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே என்று 40-ல் போய் நிற்பவர்கள்தான் அரை வீச்சில் பந்தைத் தண்ணீரில் விடுகிறார்கள்.

பதினாறு உலகறிந்தது: 163 கெஜப் பார் 3. பிப்ரவரியில் நடக்கும் ஃபீனிக்ஸ் ஓப்பனுக்காகச் சுற்றிலும் சுமார் 20,000 பேர் அமரும் தற்காலிக அரங்கம் எழுப்புவார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை என்பதால் நவம்பரில் அது பாதி எழும்பியிருக்க நல்ல வாய்ப்பு. அரங்கம் காற்றை மறைக்கும். டீயில் ஒன்றும் தெரியாது, மேலே போன பந்துக்குத் தெரியும். மர உச்சியையோ கொடித்துணியையோ பார்த்து மட்டையைத் தேர்ந்து, கிரீன் நடுவுக்கு அடியுங்கள். படமெடுக்க ஆசைப்படுவீர்கள், அடித்த பிறகு எடுங்கள்.

பதினேழு 332 கெஜப் பார் 4. ஒரே அடியில் கிரீனை எட்டலாம் என்று தூரமாக அடிப்பவர்களைச் சபலப்படுத்தவே வைஸ்காஃப் வைத்த ஹோல். 2001-ல் ஆண்ட்ரூ மகீ அடித்த பந்து, கிரீனில் இருந்த இன்னொருவரின் பட்டரில் (பந்தை உருட்டும் மட்டை) பட்டு நேரே குழிக்குள் விழுந்தது. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் பார் 4-ல் விழுந்த ஒரே ஹோல்-இன்-ஒன் அது. கிரீனின் இடப்பக்கமும் பின்னாலும் தண்ணீர். நீங்கள் 150 கெஜம், பிறகு ஒரு பிட்ச் (தூக்கி அடிக்கும் குறுந்தூர அடி). பார் கிடைக்கப் பின் ஒன்பது ஹோல்களிலேயே சிறந்த வாய்ப்பு இதுதான். பதினெட்டில் மறுபடி இடப்பக்கம் தண்ணீர். வலப்பக்கம் குறிவைத்து, மூன்றாவது அடியில் கிரீன் ஏறுங்கள்.

தயாரிப்புக்கு வருவோம். சரளைத் தரையிலிருந்து சிப் செய்வதைப் பழைய மட்டையால் பழகுங்கள். பந்தைப் பின்காலுக்கு நேராக வைத்து, எடையை முன்காலில் வைத்து, பந்தை முதலில் தொட வேண்டும். புல்லில் மட்டை பந்தைத் தொடுமுன் தரையில் பட்டாலும் வழுக்கிப் போகும். சரளையில் துள்ளிப் பந்தின் தலையில் அடிக்கும். தரிசிலிருந்து நீங்கள் ஆட வேண்டிய ஒரே அடி இதுதான், அதுவும் பந்து வெட்டவெளியில் இருந்து புல் பக்கத்தில் தெரிந்தால் மட்டும். பங்க்கர் பழக, தண்ணீர் ஓடாத நாளில் பாலாற்று மணலில் இறங்கலாம். ஆள், ஆடு மாடு இல்லாத இடமாகப் பார்த்துப் பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு மட்டும். ஆற்றுமணல் பங்க்கர் மணலைவிடப் பருமன், மட்டை ஆழமாகப் போகாது. அங்கே போய் வீச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நம்மூர் வெயிலைத் தாங்குகிறோமே என்று தண்ணீரை விட்டுவிடாதீர்கள். இங்கே வேர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அந்த வறட்சியில் அது தெரியாமலே காய்ந்துவிடும். தாகம் இல்லாவிட்டாலும் இரண்டு ஹோலுக்கு ஒருமுறை குடியுங்கள். உதட்டுக்குத் தடவ ஏதாவது வையுங்கள், மாலைக்கு ஒரு கம்பளிச் சட்டை.

மிக முக்கியமானது நேரம். நவம்பரில் அங்கே மாலை ஐந்தரை மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். பதினெட்டு ஹோலுக்கு நான்கரை, ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குத் தொடங்கினால் பதினாறு, பதினேழு, பதினெட்டை இருட்டில்தான் பார்ப்பீர்கள். காலை பத்து மணிக்கு முன்னதாக மாற்றச் சொல்லி மகனுக்கு இன்றே சொல்லுங்கள்.