குழந்தைக்கு ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பது எப்படி?

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை ஒற்றைத் தலைவலி. தடுப்பதற்குத் தினசரி மாத்திரை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். 2017இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், 8 முதல் 17 வயதினருக்குத் தந்த அமிட்ரிப்டிலின், டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரைகள் இரண்டுமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

முதலில் காலைச் சாப்பாட்டைக் கவனியுங்கள். வேன் வந்துவிட்டதென்று பாதி இட்லியோடு ஓடினால் வகுப்பிலேயே வலி தொடங்கலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகளும் உண்டு. பாட்டில் நிறைந்தபடியே திரும்புகிறதா பாருங்கள். தூக்கம் 9 மணி நேரமாவது வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் எழுப்புங்கள்.

வலி வந்த நாள், நேரம், முந்தைய சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் 2 மாதம் நோட்டில் எழுதுங்கள். வலி மாத்திரை வாரம் 2, 3 நாளைத் தாண்டித் தொடர்ந்தால் அதுவே தலைவலியை வளர்க்கும். அதிகாலையில் வலியால் விழித்து வாந்தி எடுத்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.