போனில் மருந்து தேடும்போது: பாமசி அக்காவிடம் கேளுங்கள்

கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரி பாமசியில் நீண்டகாலம் வேலை செய்யும் அக்கா பதில் சொல்கிறா.

பயிற்சி மருந்தாளர், வெள்ளவத்தை: அக்கா, ஒரு அப்பில் இழுப்புக்கான சல்பியூட்டமோலைத் தேடினால் ஒன்றும் வரவில்லை. பழுதா?

பழுதில்லை தம்பி, அது அமெரிக்க அப். அங்கே அதுக்குப் பெயர் அல்பியூட்டரோல். பரசிற்றமோல் அசற்றமினோஃபென் ஆகிவிடும், கிளிபென்கிளமைட் கிளைபியூரைட் ஆகிவிடும். எங்கட டொக்டர்மார் பிரிட்டிஷ் வழக்கத்தில் எழுதுகிறபடியால் பிஎன்எஃப் என்ற பிரிட்டிஷ் மருந்துக் கையேடு இருந்தால் பாதித் தலையிடி போகும். கம்பனிப் பெயரை அடித்துத் தேடாதேங்கோ. ஃபுளோமக்ஸ் என்றால் அமெரிக்காவில் புரஸ்டேட்டுக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் இருந்தது வீக்கத்துக்கான வேறொரு மருந்து.

தாதி, தெஹிவளை: 60 வயது ஐயா, 60 கிலோ, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு) 110. போன் கணக்கில் சிறுநீரகம் வேலையே செய்யவில்லை என்று வருகுது. ஆள் கட்டிலில் இருந்து பேப்பர் வாசிக்கிறார்!

ஐயாவை நம்புங்கோ, போனை நம்பாதேங்கோ. உங்கட ரிப்போர்ட் மைக்ரோமோலில் வந்திருக்கு, அப் மில்லிகிராம் கேட்குது. 110ஐ 88.4ஆல் பிரித்தால் 1.24. அதைப் போட்டால் சிறுநீரகம் வடிக்கிற அளவு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 54 மில்லிலீட்டர். 110ஐ அப்படியே போட்டால் 0.6! பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு இருக்கும், தட்டினால் மாறும். இந்தப் பிழையை நானும் ஒருக்கால் விட்டிருக்கிறன், மருந்து வெளியில் போக முதல் பிடிபட்டது.

மருந்தாளர், கொட்டாஞ்சேனை: போன் வர முதல் என்ன செய்தீர்கள்?

புத்தகந்தான். பிறகு ஒருவரிடம் பாம் (Palm) என்ற கைக்கொம்பியூட்டர் ஒன்று இருந்தது, குச்சியால் எழுதிறது. இரண்டு சின்ன பற்றரி. நீண்ட லீவு முடிந்து வந்தால் பற்றரி செத்து, உள்ளே ஏற்றினதெல்லாம் அழிந்திருக்கும். திரும்பக் கொம்பியூட்டரில் குத்தி ஏற்ற வேணும். புத்தகம் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

மருந்தாளர், பம்பலப்பிட்டி: அப்பில் எந்த இரண்டு மருந்தைச் சேர்த்தாலும் எச்சரிக்கை வருகுது. எல்லாத்துக்கும் டொக்டரைக் கூப்பிட்டால் ஏசுவார்.

ஏசுவார்தான். மஞ்சள் நிறத்தில் வருகிற சின்ன எச்சரிக்கைக்கெல்லாம் எடுக்க வேண்டாம், குறித்துவையுங்கோ. ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் குளிசை குடிக்கிறவருக்கு, கிருமிக்கான மெற்றோனிடசோல் எழுதியிருந்தால் உடனே எடுங்கோ. ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது என்று காட்டுகிற எண்) ஏறி இரத்தம் கசியலாம். "வேற மருந்து மாத்தலாமா, இல்லாட்டி ஐஎன்ஆர் பார்ப்பமா டொக்டர்?" என்று கேட்டால் எவரும் ஏசமாட்டார்.