கிடா வெட்டுக்குத் தயாரா? முதுகைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: தோவாளைப் பக்கம் தென்னந்தோப்பில் ஆறு செம்மறிக் கிடாக்கள் வளர்க்கிறேன். சித்திரையில் நான்கு மாதக் குட்டிகளாக வாங்கியவை. இப்போது புரட்டாசி பிறக்கப்போகிறது. கறிக்கடைக்காரர் இப்போதே கேட்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தால் நல்ல விலை என்கிறார் அண்ணன். பக்கத்துத் தோப்புக்காரரோ இரண்டு பல் போடட்டும் என்கிறார். எப்போது வெட்டலாம்?

பதில்: ஆறையும் ஒரே நாளில் வெட்டும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே சந்தையில் வாங்கிய குட்டிகளாக இருந்தாலும் ஒன்று சதை பிடித்து நிற்கும், இன்னொன்று வயிறு மட்டும் பெருத்து நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பல் வயதைச் சொல்லுமே தவிர சதையைச் சொல்லாது. கீழ்த்தாடையின் நடுவில் இரண்டு பெரிய பல் முளைக்க ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். கறிக்காக அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. காயடிக்காத கிடா என்றால் அதற்குள் கறியில் கிடா வாடையும் ஏறிவிடும்.

சரி, எதைப் பார்ப்பது? கையால் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆட்டைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு எலும்புக்கு முன்னால் உள்ள முதுகில் விரல்களை வையுங்கள். நடுவில் முதுகெலும்பின் முனைகளும், இரண்டு பக்கமும் சிறிய எலும்பு நுனிகளும் இருக்கும். முஷ்டி மடக்கும்போது தெரியும் விரல் முட்டிகளைப் போல அவை கையில் குத்தினாலோ, பக்கத்து நுனிகளுக்கு அடியில் விரல் சுலபமாக நுழைந்தாலோ ஆடு இன்னும் மெலிவுதான். முதுகெலும்பு வழவழப்பாக உருண்டு, பக்கத்து நுனிகளை அழுத்தினால்தான் கண்டுபிடிக்க முடிகிறது என்றால் அது தயார். ஐந்து மதிப்பெண் கணக்கில் இதை மூன்று என்போம். அழுத்தியும் நுனி தட்டுப்படவில்லை என்றால் பருவம் தாண்டிவிட்டது. நம் பக்கத்துக் குட்டை முடிச் செம்மறி, தோலுக்கு அடியில் கொழுப்பு தெரியும் முன்பே குடலையும் குண்டிக்காயையும் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்து வைத்துவிடும். அந்தக் கொழுப்பு கறி விலைக்குப் போகாது. அதனால் மூன்றிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. தராசு இல்லையென்றால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். 26 அங்குலச் சுற்றளவும் 24 அங்குல நீளமும் உள்ள கிடா 24 கிலோவும் சொச்சமும் வரும். அதில் கறி பாதிக்கும் குறைவு, சுமார் 11 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் தீவனம் வைக்கும் முன்பு அளந்து எழுதி வையுங்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. எடை ஏறுவது நின்றுவிட்டது, முதுகும் நிறைந்திருக்கிறது என்றால் அந்தக் கிடாவை வெட்டிவிடலாம். எடை நின்றுவிட்டது, முதுகு காலியாக இருக்கிறது என்றால் அது வளர்ந்து முடிந்த ஆடு இல்லை, பெரும்பாலும் நோய் பிடித்த ஆடு. நம் குமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரப் புல்லில் மேயும் ஆட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு சேர்ந்துகொண்டே இருக்கும். கீழ் இமையை விரித்துப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, தாடைக்கு அடியில் நீர் கோத்திருந்தாலோ சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி மருந்து கொடுங்கள். மெலிந்த ஆட்டைப் பயந்து விற்பது கையில் இருக்கும் பணத்தை விடுவதுதான்.

உங்கள் கிடாக்களில் இப்போதே மூன்று மதிப்பெண்ணைத் தொட்டவற்றை கறிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. கிறிஸ்துமஸ் வரை தினம் கால் கிலோ அடர்தீவனம் (தானியமும் புண்ணாக்கும் கலந்தது) என்றால் ஒரு ஆட்டுக்கு 25 கிலோ ஆகிவிடும். அந்த வயதில் நாளைக்கு 50 கிராம்தான் ஏறுகிறது என்றால் கூடுவது ஐந்து கிலோ எடை, கறியாக இரண்டு கிலோ சொச்சம். பண்டிகை விலை அந்தச் செலவைத் தாண்டுமா என்று கடைக்காரரிடமே பேசி முடிவெடுங்கள். மெலிந்தவற்றைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் போடும் தீவனம் சதையாகும்.

அதற்காகத் தேங்காய்ப் புண்ணாக்கையும் தானியத்தையும் ஒரேயடியாக அள்ளிப் போட வேண்டாம். துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வந்து கொழுத்த ஆடுதான் முதலில் சாகும். தடுப்பூசி போட்டுவிட்டு, பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அப்படித் திடீரென்று செத்த ஆட்டை எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள். அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருந்தால் அறுப்பவருக்கே ஆபத்து.

மருந்து கொடுத்த ஆட்டுக்கு லேபிளில் எழுதியிருக்கும் நாட்கள் கழியாமல் வெட்டக் கூடாது. சில ஊசிகளுக்கு அது ஒரு மாதத்தையும் தாண்டும். அதனால் டிசம்பரில் வெட்டப்போகும் ஆடுகளுக்கான குடற்புழு மருந்தை ஐப்பசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முந்தின மாலையோடு தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். ஓட விரட்டிப் பிடிக்காமல், கூட ஒரு ஆட்டையும் சேர்த்து நிழலில் கட்டுங்கள்.