மணல் ஓவிய கிட் வேண்டாம், செம்மறி ஆட்டைப் பிடியுங்கள்

கேள்வி: என் மகள் பீனிக்ஸில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களைப் பற்றி நான்கு பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். இரண்டு வாரம்தான் அவகாசம். ஆன்லைனில் மணல் ஓவிய கிட் பார்த்தேன், வாங்கலாமா? எல்லா வேலையும் இவள் தலையிலேயே விழுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள். நம் கோலம் மாதிரிதானே என்று நினைத்துவிட வேண்டாம். நவஹோக்களுக்கு மணல் ஓவியம் ஒரு வைத்தியச் சடங்கு. நோயாளியை அதன்மேல் உட்காரவைப்பார்கள், சடங்கு முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். கடைகளில் பலகையில் ஒட்டி விற்கிறார்களே என்பீர்கள். ஆமாம், நவஹோ கலைஞர்களே செய்து விற்பதும் உண்டு. ஆனால் நிறத்தையோ உருவத்தையோ வேண்டுமென்றே மாற்றி, சடங்குக்கு ஆகாதபடி செய்துதான் விற்கிறார்கள். எதை மாற்ற வேண்டும் என்பது சடங்கை அறிந்தவருக்குத்தான் தெரியும், கிட் தயாரித்தவருக்குத் தெரியாது. ஆகவே அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இந்த கிட் வியாபாரிகள் மேல் எனக்குத் தீராத கோபம். நான் பிரித்துப் பார்த்த ஒன்றில் கூம்புக் கூடாரம், இறகுக் கிரீடம், கனவு வலை எல்லாம் கிடந்தன. முதல் இரண்டும் சமவெளிப் பழங்குடிகளுடையவை, வலை ஓஜிப்வே என்ற வேறொரு பழங்குடியினருடையது. நவஹோ வீட்டின் பெயர் ஹோகன், வாசல் கிழக்கு பார்த்திருக்கும். பெட்டியில் 'நவஹோ ஸ்டைல்' என்று போட்டிருந்தால் நவஹோ கை அதில் படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலையைப் பிரிப்பது எப்படி? 1971இல் டெக்சஸில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்த ஜிக்சா முறை இதற்கென்றே அமைந்தது. ஆளுக்கொரு பகுதி, அதை அந்தப் பிள்ளைதான் மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும். கடைசியில் நால்வரிடமும் எல்லாப் பகுதியிலிருந்தும் கேள்வி. ஒரு பிள்ளை படிக்காவிட்டால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

நான்கையும் கோக்க ஒரு செம்மறி ஆடு போதும். 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோக்களை சுமார் 480 கிலோமீட்டர் நடத்தி, நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெடோண்டோவில் அடைத்தது. 1868 ஒப்பந்தப்படி ஊர் திரும்பினார்கள், 15,000 ஆடுகள் வாங்கித் தருவதாகவும் அதில் எழுதியிருக்கிறது. இது முதல் பிள்ளைக்கு. அவர்கள் வளர்க்கும் சுர்ரோ என்ற செம்மறி இனத்தின் கம்பளி, செங்குத்தாக நிற்கும் தறி, அதில் பெண்கள் நெய்யும் கம்பளம் இரண்டாவது பிள்ளைக்கு. மண் அரிப்பைக் காரணம் காட்டி 1930களில் அமெரிக்க அரசு மந்தைகளைக் குறைத்தது மூன்றாவது. குலம் தாய்வழி வருவதும், மந்தையில் பெண்களுக்கும் சொந்த ஆடுகள் இருப்பதும் நான்காவது.

நவஹோக்கள் 'வாழ்ந்தார்கள்' என்று எழுத விடாதீர்கள். உங்கள் அரிசோனாவிலேயே விண்டோ ராக்கில் அவர்களுடைய அரசு நடக்கிறது.

இவ்வளவுக்கும் இரண்டு வாரம் கொடுத்துவிட்டு, சார்ட்டில் ஒட்டிய ஜிகினாவுக்கு மார்க் போடுகிறார்கள்! குழுவுக்கே ஒரே மார்க் என்றால் உழைத்த பிள்ளைதான் நொந்துபோகும். தனித்தனி மார்க் உண்டா என்று ஆசிரியரிடம் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள், சார்ட் வாங்கும் முன்பு.