மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் ஃபோர் வீல் வண்டிக்கு ஆயில் மாற்றலாமா? – கேள்வி பதில்

பொள்ளாச்சியில் இருபத்தெட்டு வருடமாக ஜீப், மாருதி ஜிப்ஸி வேலை பார்க்கிறேன். பழைய ஃபோர் வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில் எழுதியிருக்கிறேன். என்ஜினைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். இந்த முறை கிளட்சுக்குப் பின்னால் இருப்பவை மட்டும்: கியர் பாக்ஸ், அதிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சிலின் நடுவில் சக்கரங்களைச் சுற்றும் பல்சக்கரப் பெட்டியான கிரௌன் (டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப்) போன்றவை.

வால்பாறையிலிருந்து: அண்ணே, 1999 மாடல் ஜிப்ஸி கிங் வாங்கியிருக்கிறேன். எஸ்டேட்டில் ஓடிய வண்டி. மீட்டர் 2,80,000-இல் நின்றுவிட்டது. கியர் பாக்ஸ், கிரௌன் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. "பழைய ஆயிலுக்குப் பழகின கியர், மாத்தினா சத்தம் வரும், கை வைக்காதே" என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். மாற்றவா, விடவா?

மாற்றுங்கள் தம்பி. உங்கள் மெக்கானிக் சொல்வது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பற்றிய பேச்சு. அங்கேகூட அது பாதிதான் உண்மை, அதைக் கீழே சொல்கிறேன். உங்கள் வண்டியில் ஆயிலுக்குள் இருப்பவை பல்சக்கரமும் பேரிங்கும், கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையமும்தான். பழைய ஆயிலால் இவற்றில் எதற்கும் நன்மை கிடையாது. அதில் மிதக்கும் இரும்புத் தூள் பேரிங்கை உரசிக்கொண்டே இருக்கும். மாற்றியபின் சத்தம் கேட்டால், அது முன்பே இருந்த சத்தம். கெட்டியாகிப்போன ஆயில் அதை அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

மொத்தம் நான்கு இடம்: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரௌன், பின் கிரௌன். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. ஒரு குட்டை ஷாஃப்டுக்குப் பின்னால் தனியாகத் தொங்கும். அதனால் கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியவர்களே இதை மறந்திருப்பார்கள். நான்குக்கும் சேர்த்து ஆறு லிட்டர்கூடப் பிடிக்காது. நல்ல டயர் ஒன்று வாங்கும் காசில் வேலை முடிந்துவிடும்.

வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, முதலில் மேல் போல்ட்டை, அதாவது ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றுங்கள். அது கழன்றால்தான் அடி போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஆயில் முழுக்க இறங்கிவிட்டது, மேல் போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. அட்டகட்டியில் நின்ற வண்டி. ஊற்றவும் முடியாது, ஓட்டவும் முடியாது. வெல்டிங் செட் வரும்வரை வண்டிக்காரரின் திட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடியுங்கள், உங்கள் வண்டியின் கதை முழுக்க அதில் இருக்கும். கறுப்பாக இருந்தால் வெறும் வயசு. அடி போல்ட்டில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியாக, சில்லு சில்லாக வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, அந்தப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். பித்தளைத் தூள் தங்கமாக மின்னினால் சிங்க்ரோ தேய்கிறது. கியர் விழும்போது கறமுறவென்று கேட்கவில்லை என்றால் அதை அவசரப்படாமல் பிறகு பார்க்கலாம்.

சமதளத்தில் நிறுத்தி, மேல் துளை வழியே வழியும்வரை ஊற்றினால் போதும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள், மிச்ச அழுக்கு அதில் வந்துவிடும். சிலர் டீசல் ஊற்றிக் கழுவுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருட அழுக்குதான் ஆயில் சீலை, அதாவது கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, அடைத்துக்கொண்டிருந்தது என்றால், மாற்றியபின் அங்கே கசியும். கசிந்தால் சீலைப் போடுங்கள், ஆயிலைக் குறை சொல்லாதீர்கள்.

கோவையிலிருந்து: ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று கியர் ஆயில் டப்பாவில் ரகம் போட்டிருக்கிறதே, பெரிய நம்பர் நல்லதுதானே?

பெரிய நம்பர் என்றால் எல்லா இடத்துக்கும் நல்லது என்று ஆகாது. கிரௌனில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுமை தாங்கும். அதற்கு ஜிஎல்-5-இல் இருக்கும் கூடுதல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் வேண்டும். அதே சேர்மானம் சில ஜிஎல்-5 ஆயில்களில் பித்தளை சிங்க்ரோவை அரிக்கும். அதோடு வழுக்கல் கூடிப்போய் சிங்க்ரோ சரியாகப் பிடிக்காமல் கியர் இடிக்கும். ஆகவே கிரௌனுக்கு ஜிஎல்-5. கியர் பாக்ஸுக்கு உங்கள் வண்டிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அது, பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஜிஎல்-4. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் நம்ப வேண்டாம்.

ஊட்டியிலிருந்து: அண்ணா, எங்களுடையது ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல், 2,10,000 ஓடியிருக்கிறது. "ஆயுளுக்கும் ஒரே ஆயில்" என்று சொன்னதால் நான் மாற்றவே இல்லை. இப்போது மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

மேலே சொன்ன பாதி உண்மை இதுதான் அம்மா. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே சுற்றும். அவை தேய்ந்த தூளும் அதே ஆயிலில் மிதக்கும். தட்டு ஏற்கெனவே வழுக்கும் நிலையில் இருந்தால், அந்தத் தூள் கலந்த ஆயிலில்தான் ஏதோ பிடித்து ஓடிக்கொண்டிருக்கும். புது ஆயில் போட்டதும் வழுக்கல் வெளியே தெரியும். உடனே பழி ஆயில்மேல் விழும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் 'டி' போட்டால் உடனே பிடிக்கிறதா, இரண்டு மூன்று நொடி யோசிக்கிறதா? கல்லட்டி மலையில் ஏறும்போது என்ஜின் வேகம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நிற்கிறதா? ஆயிலில் கருகின வாடை வருகிறதா? இவற்றில் எதுவும் இல்லையென்றால் தைரியமாக மாற்றலாம். ஆனால் மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவ விடாதீர்கள். சாதாரணமாக அடியில் திறந்து இறக்கி, இறங்கிய அளவுக்கே ஊற்றச் சொல்லுங்கள். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஆயிலால் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும் என்பதால் ஒரே தடவையில் முழுக்க மாறாது. சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். கம்பெனி சொல்லும் ரக ஆயில்தான், வேறு வேண்டாம்.

வழுக்கல் இருக்கிறது என்றால் ஆயிலுக்குச் செலவழிக்காதீர்கள், அந்தப் பணத்தைக் கியர் பாக்ஸ் பிரிக்கும் வேலைக்கு வையுங்கள். எப்படி இருந்தாலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இரண்டு கிரௌனும் தனிக் கணக்கு. அவற்றை இந்த வாரமே மாற்றிவிடலாம்.

திண்டுக்கல்லிலிருந்து: நான் ஃபோர் வீல் போடுவதே இல்லை. முன் கிரௌன் சும்மாதானே இருக்கிறது, அதற்கும் மாற்ற வேண்டுமா?

சும்மா இருப்பதுதான் பிரச்சினை. சுற்றினால்தான் ஆயில் மேலே தெறித்துப் பேரிங்கையும் சீலையும் நனைக்கும். நின்றே இருந்தால் மேல்பாகம் காய்ந்து துரு பிடிக்கும். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் கையால் திருகும் பூட்டு இருந்தால், மாதம் ஒருமுறை பூட்டிவிட்டு, லீவரை 2ஹெச்சிலேயே (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வைத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். தார் ரோட்டிலும் செய்யலாம், ஏனென்றால் முன் ஆக்சில் சுற்ற மட்டுமே செய்யும், இழுக்காது.

ஓசூரிலிருந்து: தார் ரோட்டில் 4ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டேன். இப்போது லீவர் வெளியே வரமாட்டேன் என்கிறது.

திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகும். மண்ணில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும், தாரில் சறுக்காது. ஷாஃப்டெல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சுத்தியலை எடுக்காதீர்கள். நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் போய்க்கொண்டே லீவரை இழுங்கள், வந்துவிடும்.

இலங்கை ஹட்டனிலிருந்து: அண்ணை, மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப். ஆறு ஒன்றைக் கடந்து போய் வந்த பிறகு பார்த்தால் பின் டிஃப் ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கு. கராஜில் சீல் மாத்தச் சொல்லுறாங்கள்.

சீலுக்கு முன்னால் பிரீதரைப் பாருங்கள். ஆக்சிலின் மேல் இருக்கும் சின்ன மூச்சுக்குழாய் அது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் அந்த உறிஞ்சல் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துவிடும். புதுச் சீல் போட்டாலும் அடுத்த ஆற்றில் இதே கதைதான். பிரீதரைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி உயரத்தில் கட்டிவிடுங்கள். ஒயிலை உடனே இறக்குங்கள், ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க வேண்டாம், பேரிங் துரு பிடிக்கும். புது ஒயிலில் ஐம்பது கிலோமீட்டர் ஓடி மறுபடி இறக்கிப் பாருங்கள். வெளுப்பு போயிருந்தால் சரி. சீல் கசிந்தால் அப்போது மாற்றலாம்.

கொடைக்கானலிலிருந்து: கிளட்ச் விடும்போது அடியில் 'டங்' என்று ஒரு அடி. ஆயில் மாற்றினால் போகுமா?

போகாது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸில் ஆட்டம் தெரிந்தால் கிராஸ் மாற்ற வேண்டும். அதில் ஆட்டம் இல்லாமல் ஷாஃப்ட் மட்டும் கொஞ்சம் திரும்பினால் அது கிரௌன் பல் இடைவெளி, மூன்று லட்சம் ஓடிய வண்டிக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். எப்படியானாலும் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் கன் பிடியுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

திருச்சியிலிருந்து: 2010 ஃபார்ச்சூனர் ஃபோர் வீல். பின்னால் மட்டும் இரண்டு டயர் புதிதாகப் போடலாமா?

வேண்டாம். அந்த மாடலில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். டயர் சுற்றளவு மாறினால், முன் பின் ஆக்சில்களின் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் நடு டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்யும். நான்கையும் சேர்த்துப் போடுங்கள்.

தேனியிலிருந்து: வண்டியே பழசு. ஆர்.சி. புதுப்பிக்கும் வருடம். இவ்வளவு செலவு செய்வது முட்டாள்தனம் இல்லையா?

ஆயிலில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் சுத்தியலால் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, தட்டிப் பாருங்கள், ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களில் குறிப்பாக. கணீர் என்று கேட்டால் வண்டியை வைத்துக்கொள்ளலாம். ஆர்.சி. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும், அதற்கு நான்கு இடத்து ஆயிலும் கிரீஸும் செலவே இல்லை. சொத்தென்று கேட்டு ஓட்டை விழுந்தால் ஆயிலுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாமல், ஹப்பையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பிரித்து விற்றுவிடுங்கள். பழைய சாமான் தேடி அலைபவர்கள் மலைப்பக்கம் நிறைய இருக்கிறார்கள், நானும் ஒருவன்.