ஏர் பிரேக் சோதனையில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் லாரி, பேருந்து ஓட்டும் உரிமத்துக்கு முயல்வோர் பலரும் ஏர் பிரேக் சோதனைக்கு எப்படித் தயாராவது என்று கேட்கிறார்கள். கம்ப்ரசர் தொட்டியில் நிரப்பும் காற்றின் அழுத்தத்தால் சக்கரங்களை நிறுத்தும் அமைப்பே ஏர் பிரேக். அந்தக் காற்று கசிகிறதா, குறைந்தால் வண்டி எச்சரிக்கிறதா, மேலும் குறைந்தால் தானாகவே பிடித்துக்கொள்கிறதா என்பதை ஓட்டுநரே செய்து காட்டிச் சொல்ல வேண்டும்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே இருக்கும்போது, அழுத்தம் தனி வண்டியில் 3 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) மேலும், டிரெய்லருடன் 4 பிஎஸ்ஐக்கு மேலும் குறையக் கூடாது. பிறகு என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பிப் பெடலை விட்டு விட்டு மிதித்தால், அழுத்தமானியின் முள் 60 பிஎஸ்ஐயை ஒட்டி வரும்போதே எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வர வேண்டும். 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் பார்க்கிங் பிரேக் குமிழ் தானாக வெளியே வரும். வரிசையை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, முள்ளைப் பார்த்து அளவைச் சொல்லிப் பழகுவதே முக்கியம் என்பேன்.

துணி கிளிப்பை விரலால் அழுத்தும்வரை அதன் வாய் திறந்திருக்கும், விட்டால் கவ்விக்கொள்ளும். பார்க்கிங் பிரேக்கின் வலுவான ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கும் விரல்தான் காற்று.

ஆகவே காற்று தீர்ந்தால் பிரேக்கே இருக்காது என்று பலர் நினைப்பது தவறு: ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும், ஆனால் அது பிடிக்கும் வேகமும் இடமும் ஓட்டுநர் கையில் இராது.