டாஃபோடில் செடியில் இலை மட்டும் வருகிறது, பூ வருவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டின் பின்புறப் புல்தரையில் டாஃபோடில் கிழங்குகளை நட்டோம். முதல் வசந்தத்தில் நன்றாகப் பூத்தன, மறு ஆண்டு பாதியாகக் குறைந்தன, இந்த ஆண்டு வெறும் இலைகளே நிற்கின்றன. ஏப்ரலில் பூ முடிந்ததும் புல் வெட்டும்போது இலைகளையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். கிழங்குகள் கெட்டுவிட்டனவா? புதிதாக வாங்கி நட வேண்டுமா?

பதில்: கிழங்குகள் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. காரணம் பெரும்பாலும் ஏப்ரலில் ஓடும் அந்தப் புல்வெட்டும் இயந்திரம்தான். அதை மாற்றாமல் புதுக் கிழங்கு வாங்கி நட்டால், மூன்றாம் ஆண்டில் மறுபடியும் இதே கேள்வியைக் கேட்க நேரும்.

இலையுதிர்காலத்தில் கடையில் வாங்கும் கிழங்கினுள் அடுத்த வசந்தத்துக்கான பூவின் மொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஆகவே முதல் ஆண்டுப் பூ, கிழங்கை வயலில் வளர்த்துக் கொழுக்கவைத்த விவசாயியின் உழைப்பு; இரண்டாம் ஆண்டுப் பூவிலிருந்துதான் உங்கள் தோட்டத்தின் கணக்குத் தொடங்குகிறது. பூ வாடிய பின் பச்சையாக நிற்கும் இலைகள் வெயிலில் உணவு தயாரித்துக் கிழங்குக்கு அனுப்புகின்றன, அந்தச் சேமிப்பைக் கொண்டே கோடையின் தொடக்கத்தில் மறு ஆண்டுக்கான மொட்டு உள்ளே உருவாகிறது. அந்த நேரத்தில் இலையை வெட்டினால் கிழங்கு பட்டினி கிடந்து, இலை விடும் அளவுக்கு மட்டுமே பலத்தை வைத்துக்கொள்ளும்.

எனவே பூ முடிந்தபின் குறைந்தது ஆறு வாரங்களுக்கு இலைகளைத் தொடாதீர்கள். அவை தாமாகப் பழுத்துச் சாயும்வரை விட்டால் இன்னும் நல்லது. உங்கள் பகுதியில் அது ஜூன் வரை செல்லலாம் என்பதால், கிழங்குகள் உள்ள பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றப் புல்லை வெட்டிக்கொள்ளலாம். அழகுக்காக இலைகளை முடிச்சுப் போடும் பழக்கம் இங்கே பல தோட்டங்களில் உண்டு. அதனால் இலையின் மேல் வெயில் படும் பரப்பு குறைவதைத் தவிர வேறு பயன் இல்லை. வாடிய பூத்தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள், ஏனெனில் விதை பிடிக்க விட்டால் கிழங்குக்குச் சேர வேண்டிய சத்து அங்கே போய்விடும். இலைகள் பச்சையாக இருக்கும்வரை, தக்காளிச் செடிக்கென விற்கும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரத்தை அவ்வப்போது ஊற்றலாம்; புல்தரைக்கான நைட்ரஜன் உரம் இலையைத்தான் பெருக்கும்.

ஆழம் குறைவாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். மேலோட்டமாக நட்ட கிழங்கு சின்னஞ்சிறு கிழங்குகளாகப் பிரிந்துகொண்டே போகும், எதுவும் பூக்கும் அளவுக்குப் பருக்காது. கிழங்கின் உயரத்தைப் போல் இரு மடங்கு மண் அதன் தலைக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது 5 செ.மீ. கிழங்குக்கு ஏறத்தாழ 15 செ.மீ. ஆழக் குழி. ஜூனில் இலை பழுத்ததும் ஓரிடத்தில் தோண்டிப் பாருங்கள். நெருக்கமாகவோ மேலாகவோ இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துப் பிரித்து, அழுத்தினால் மெத்தென்று அமுங்குபவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு (அழுகல் நோயோ, கிழங்கைக் குடையும் ஈயின் புழுவோ உள்ளே இருக்கக்கூடும்), மீதியை உடனே நடலாம், அல்லது வலைப்பையில் காற்றோட்டமாக உலர வைத்துச் செப்டம்பரில் நடலாம். ட்யூலிப்பை நவம்பரில் நட்டாலும் குறையில்லை. டாஃபோடில் முன்கூட்டியே வேர்விடத் தொடங்குவதால் செப்டம்பரே அதற்கு ஏற்றது. வடக்கு லண்டனின் களிமண்ணில் குளிர்கால நீர் தேங்கும் இடம் ஆகாது. அங்கே பருமணலும் மக்கிய உரமும் கலந்து மண்ணை இளக்கிக்கொள்ளுங்கள். இலையுதிர்க்கும் மரத்தடியில் நடலாம், ஏனெனில் டாஃபோடில் இலைவிடும் காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும். பசுமைமாறா மரத்தின் நிழலில் வேண்டாம்.

நீண்ட நாள் புல்லை வெட்டாமல் விட முடியாதென்றால், 'டெட்-ஆ-டெட்' போன்ற குட்டை வகையைப் பாத்தியில் நடுவது என் பரிந்துரை. அதன் இலைகளும் குட்டையாக இருப்பதால், சாயும்போதும் கண்ணை உறுத்தாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். தோண்டிய கிழங்குகளை ஒருபோதும் சமையலறையில் வைக்காதீர்கள். வெங்காயத்தைப் போலவே இருக்கும் அவற்றில் லைகோரின் என்ற நஞ்சு உள்ளது. சமைத்தாலும் அது நீங்கிவிடாது. 2009-இல் சஃபோக் மாவட்டப் பள்ளி ஒன்றில், வெங்காயமென நினைத்து டாஃபோடில் கிழங்கைச் சேர்த்துச் செய்த சூப்பைக் குடித்த பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுவலியுமாக மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பூ விரியாத தண்டுகளைக் காய்கறியென்று எண்ணும் ஆபத்தும் இருப்பதால், காய்கறிப் பகுதிக்கு அருகில் அவற்றை வைக்க வேண்டாமென இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் கடைகளைக் கேட்டுக்கொண்டது. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும் என்பதால் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அடுத்த வசந்தத்தில் ஒரு சில பூக்களையே எதிர்பார்க்கலாம். பிரித்து நட்ட சிறு கிழங்குகள் பருத்துப் பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகும் பூக்காதவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதியவற்றை நடலாம்.